கோவில் மண்டபத்தில் புரோட்டீன் பவுடர் விற்க ஏன் இடம் கொடுக்கவில்லை?



பதிவு கொஞ்சம் நீளம். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து நம் மண்டபத்தில் சாப்பிட உட்காரும் எல்லாரும் ஒரு தடவை பொறுமையாகப் படிக்கணும் என்று கேட்டுக் கொள்கிறோம். ரெண்டு வாரமாக வாட்சாப்பிலும் மண்டபத்திலும் ஒரே கேள்வி. "உபயம் தர்றேன்னு தேடி வந்தவங்கள ஏன் திருப்பி அனுப்பினீங்க?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி முடியவில்லை. அதனால் அடுக்களைத் தொண்டர்கள் எல்லாரும் உட்கார்ந்து பேசி இதை எழுதுகிறோம்.

நடந்தது இதுதான். புரோட்டீன் பவுடர் விற்கும் ஒரு குழு வந்தார்கள். நம்ம ஆளுங்கதான், மரியாதையாகத்தான் பேசினார்கள். மூன்று வெள்ளிக்கிழமை அன்னதானச் செலவு முழுவதும் ஏற்றுக் கொள்கிறோம் என்றார்கள். பதிலுக்கு மண்டபத்தில் ஒரு மேசை, ஒரு பேனர், சாப்பாட்டுக்கு முன்னால் பத்து நிமிடம் மைக். என்ன பேசப் போகிறீர்கள் என்று கேட்டோம். "காலையில ரெண்டு ஸ்கூப், ராத்திரி ரெண்டு ஸ்கூப். தினமும் குடிச்சா சோறே தேவையில்ல. இனிப்பு நீர் இறங்கும், கிட்னி பலமாகும், முட்டி வலி போகும். சின்னப் பிள்ளையிலிருந்து பாட்டி வரைக்கும் எல்லாரும் குடிக்கலாம்" என்றார்கள்.

உபயம் தாராளமாகச் செய்யுங்க, பெயரைப் பலகையில் எழுதுகிறோம், மாலை மரியாதை உண்டு, ஆனால் மேசையும் மைக்கும் கிடையாது என்று சொன்னோம். அவர்கள் போய்விட்டார்கள்.

நம் ஆலயம் சின்ன ஆலயம். மூன்று வெள்ளிக்கிழமைச் செலவு என்பது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. "கோவிலுக்கு வர்ற காச கெடுத்துட்டாங்க" என்று சிலர் பேசுவதும் காதில் விழுந்தது. அதில் வருத்தம் இல்லை. அவர்களும் கோவிலுக்காகத்தான் பேசுகிறார்கள். எங்கள் காரணத்தைச் சொல்லிவிடுகிறோம், அப்புறம் நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதலில் ஒன்று. புரோட்டீன் பவுடர் விஷம் என்று நாங்கள் சொல்லவில்லை. தேவைப்படும் ஆளுக்கு அது உதவும். நம் பக்தர்களில் ஒரு பாட்டி இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தார். பல் இல்லை, ரெண்டு வாய்க்கு மேல் சோறு இறங்காது, எடை குறைந்துகொண்டே போனது. ஆஸ்பத்திரியில் டயட்டீஷன் பார்த்து, இவ்வளவு பவுடர், இத்தனை நாளைக்கு என்று எழுதிக் கொடுத்தார். நாலு மாதத்தில் பாட்டி கைத்தடி பிடித்துக்கொண்டு சந்நிதிக்கு வந்தார். வயதானவர்களுக்குச் சதை கரையும், சாப்பாடு குறையும், அவர்களுக்குப் புரதம் வாலிபர்களைவிடக் கொஞ்சம் கூடவே வேண்டும். அப்படிப்பட்ட நேரத்தில் அது மருந்து மாதிரி. யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்று தெரிந்த ஒருவர் சொல்லிக் குடிக்கிறோம்.

எங்களுக்குப் பயம் எங்கே என்றால், "எல்லாரும், தினமும்" என்ற அந்த ரெண்டு வார்த்தையில்தான்.

இன்னொருவர் கதையையும் சொல்கிறோம். பெயர் வேண்டாம். அந்த அண்ணன் இதைப் படிப்பார், அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறோம். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், பதினைந்து வருடமாக இனிப்பு நீர். கிட்னி இறங்க ஆரம்பித்துவிட்டது, சாப்பாட்டில் புரதத்தை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அந்த நேரத்தில் சொந்தக்காரர் ஒருவர் டின்னோடு வந்தார். "கிட்னிக்கு இதுதான் நல்லது, டாக்டருங்க சொல்ல மாட்டாங்க" என்றார். அண்ணன் எட்டு மாதம் தினமும் நாலு ஸ்கூப் குடித்தார். கிளினிக்கில் வாயே திறக்கவில்லை. இப்போது வாரத்துக்கு மூன்று நாள், ஒரு தடவைக்கு நாலு மணி நேரம் டயலிசிஸ் நாற்காலியில் உட்கார்கிறார்.

பவுடர்தான் கிட்னியைக் கெடுத்தது என்று நாங்கள் சொல்ல முடியாது. இனிப்பு நீர் ஏற்கெனவே அந்த வேலையைப் பாதி செய்து வைத்திருந்தது. ஆனால் டாக்டர் குறைக்கச் சொன்னதை இவர் கூட்டினார், அதுவும் மறைத்துச் செய்தார். இன்னொரு கொடுமை கேளுங்கள். டயலிசிஸ் ஆரம்பித்த பிறகு டயட்டீஷன் அவரிடம், இனி புரதம் கூடுதலாகச் சாப்பிடணும் என்று சொன்னார். ஏனென்றால் டயலிசிஸில் புரதமும் கொஞ்சம் வெளியே போய்விடும். ஒரே மனிதர், ஒரே வருடம். முன்னால் குறைக்கணும், பின்னால் கூட்டணும். இதை மைக் பிடித்துப் பத்து நிமிடம் பேசுகிறவர் எப்படி முடிவு செய்வார்?

ஏன் இப்படி என்று எங்களுக்குப் புரிந்த வரைக்கும் சொல்கிறோம். நாம் சாப்பிடும் புரதத்தை உடம்பு உடைத்துப் பயன்படுத்தும்போது கழிவு வரும், யூரியா என்பார்கள். அதைச் சலித்து சிறுநீரில் தள்ளுவது கிட்னியின் வேலை. நல்ல கிட்னி கூடுதல் புரதத்தையும் சமாளித்துவிடும். ஏற்கெனவே அடிபட்ட கிட்னிக்கு அது ஓவர்டைம். ஓட்டை விழுந்த சல்லடையில் வேகமாகக் கொட்டினால் ஓட்டை பெரிதாகும், அவ்வளவுதான்.

நம் சமுதாயத்தில் அடிபட்ட கிட்னி எத்தனை பேருக்கு இருக்கும்? சுகாதார அமைச்சு 2019-ல் எடுத்த தேசிய ஆய்வில், நாட்டில் பெரியவர்கள் 100 பேரில் 18 பேருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 100க்கு 31. கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். நாட்டில் டயலிசிஸ் செய்பவர்கள் 50,000 பேருக்கு மேல். புதிதாக வந்து சேர்பவர்களில் பாதிக்கு மேல் இனிப்பு நீரால் வந்தவர்கள். கிட்னி இறங்குவது ஆரம்பத்தில் வலிக்காது, வெளியே தெரியாது. மண்டபத்தில் 150 பேர் உட்கார்ந்தால், அதில் யாருக்கு இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் "எல்லாரும் தினமும் நாலு ஸ்கூப்" என்று சாமி சந்நிதியில் நின்று சொல்ல விடுவதற்கு எங்களுக்குத் தைரியம் இல்லை. கோவிலில் கேட்ட வார்த்தையை நம் ஜனங்க கடை வார்த்தையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கோவிலே சொன்ன மாதிரி ஆகிவிடும்.

சட்டமும் இருக்கிறது. இனிப்பு நீர், கிட்னி நோய் மாதிரி சில நோய்களைக் குணமாக்கும் என்று ஒரு பொருளை விளம்பரம் செய்யக் கூடாது என்று 1956-லேயே நம் நாட்டில் மருந்து விளம்பரச் சட்டம் வந்துவிட்டது. "கே.கே.எம். அங்கீகாரம்" என்று சொல்வதையும் கொஞ்சம் கவனியுங்கள். மாத்திரை, கேப்ஸ்யூல் மாதிரி பதிவு செய்த பொருளுக்கு மால் என்று ஆரம்பிக்கும் நம்பரும் பளபளக்கும் ஒட்டு வில்லையும் இருக்கும். புரோட்டீன் பவுடர் பெரும்பாலும் உணவுப் பொருள் கணக்கில்தான் விற்கப்படுகிறது. பிஸ்கட், மீலோ எல்லாம் எப்படி விற்கிறதோ அப்படி. அது தப்பில்லை. ஆனால் மருந்து மாதிரி சோதித்து அங்கீகரித்தது என்று சொன்னால் அது உண்மையில்லை.

அடுத்து லேபிள் விஷயம். எங்களில் பலர் முப்பது வருடமாக ஃபேக்டரியில் வேலை பார்ப்பவர்கள், லைனில் ஆள் வைத்து வேலை வாங்குபவர்கள். பெட்டியின் மேல் ஒட்டும் ஸ்டிக்கர் ஒன்று, உள்ளே போகும் சரக்கு இன்னொன்று ஆகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் ஒவ்வொரு ஷிப்டிலும் கியூ.சி. ஆள் நிற்கிறார். செக் பண்ண ஆள் இல்லை என்றால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இந்தியாவில் விற்கும் 36 புரோட்டீன் பவுடர்களைக் கேரளாவைச் சேர்ந்த ஒரு கல்லீரல் டாக்டரும் அவர் குழுவினரும் வாங்கி லேபில் கொடுத்துச் சோதித்தார்கள். 2024-ல் அந்த முடிவு வெளிவந்தது. 36-ல் 25 டின்னில், லேபிளில் போட்ட புரத அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. ஐந்தில் பூஞ்சை விஷம். சிலவற்றில் பூச்சி மருந்து. அதே வருடம் மே மாதம் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் புது உணவு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. அதில் புரோட்டீன் பவுடரைத் தினப்படி வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள். சேர்த்த சீனி, இனிப்பூட்டி, வாசனைப் பொருள் இருக்கலாம் என்பது ஒரு காரணம். ரொம்ப நாள் அதிகமாக எடுத்தால் எலும்புக்கும் கிட்னிக்கும் ஆபத்து வரலாம் என்பது இன்னொன்று.

புரதத்தில் எப்படி ஏமாற்ற முடியும் என்று கேட்பீர்கள். சாதாரணமாக லேபில் நேரடியாகப் புரதத்தை எண்ணுவதில்லை. அதில் உள்ள நைட்ரஜனை அளந்து, அதிலிருந்து கணக்குப் போடுகிறார்கள். அதனால் நைட்ரஜன் உள்ள மலிவான ஏதோ ஒன்றைக் கலந்துவிட்டால் மெஷின் "புரதம் அதிகம்" என்று காட்டும். 2008-ல் சீனாவில் பாலில் மெலமின் கலந்தது ஞாபகம் இருக்கும். தட்டு, கிண்ணம் செய்கிற பிளாஸ்டிக்குக்குப் போகும் பொருள் அது. தண்ணீர் கலந்த பாலைக் கெட்டிப் பால் மாதிரி காட்டுவதற்காகக் கலந்தார்கள். சுமார் 300,000 பிள்ளைகள் கிட்னியில் கல் வந்து நோயில் விழுந்தார்கள், ஆறு குழந்தைகள் இறந்தார்கள். எல்லாப் பவுடரும் அப்படி என்று சொல்லவில்லை. நல்ல கம்பெனிகள் இருக்கின்றன. ஆனால் பெயர் தெரியாத டின்னை, போனில் ஆர்டர் செய்து, சாமி பிரசாதம் மாதிரி தினமும் குடிப்பதற்கு முன்னால் ரெண்டு தடவை யோசிக்கணும்.

காசுக் கணக்கும் பார்க்கலாம். அவர்கள் காட்டிய டின் 180 வெள்ளி, 450 கிராம். ஒரு ஸ்கூப் 30 கிராம் என்றால் மொத்தம் 15 ஸ்கூப். ஒரு ஸ்கூப் 12 வெள்ளி. அதில் சுமார் 20 கிராம் புரதம் என்று லேபிள் சொல்கிறது. அவர்கள் சொன்னபடி தினமும் நாலு ஸ்கூப் என்றால் ஒரு நாளைக்கு 48 வெள்ளி, டின் நாலு நாளைக்குக்கூட வராது. மாதம் 1,440 வெள்ளி! நம் ஜனங்களில் எத்தனை பேருக்கு அது ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல்?

அதே 20 கிராம் புரதம் வேறு எங்கே கிடைக்கும்? முட்டை சாப்பிடுபவர்களுக்கு மூன்று முட்டையில் 18 கிராம், விலை சுமார் ஒன்றரை வெள்ளி. சைவக்காரர்களுக்கு 100 கிராம் தெம்பேயில் கிட்டத்தட்ட 20 கிராம், ரெண்டு வெள்ளிக்குள் முடிந்துவிடும். காய்ந்த கொண்டைக்கடலை 100 கிராம் ஊற வைத்து அவித்தால் அதிலும் சுமார் 20 கிராம், ஒரு வெள்ளிக்குள். இதற்கு மேசையும் வேண்டாம், பேனரும் வேண்டாம்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்? நல்ல உடம்போடு இருப்பவருக்கு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 1 கிராம் என்று வைத்துக்கொண்டால் போதும். 60 கிலோ ஆளுக்கு 60 கிராம். சைவமாகவே கணக்குப் போடுவோம். காலையில் மூன்று தோசையும் சாம்பாரும் 10. மதியம் சோறு 8, கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணம் 12, தயிர் 4. சாயந்திரம் ஒரு கிண்ணம் சுண்டல் 9. ராத்திரி ரெண்டு சப்பாத்தி 6, கூட 100 கிராம் தவுக்குவா அல்லது தெம்பே பிரட்டல் 10-லிருந்து 19. கூட்டிப் பாருங்கள், 60 கிராம் வந்துவிடும். அரிசியில் குறைவாக உள்ள சத்து பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவாக உள்ளது அரிசியில் இருக்கிறது. தோசையில் உளுந்தையும் அரிசியையும் சேர்த்து அரைத்த நம் ஆத்தாமார்கள் லேபுக்குப் போனதில்லை, ஆனால் கணக்குச் சரியாக இருக்கிறது.

ஜிம்முக்குப் போகும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. பாரம் தூக்கும் உடம்புக்குப் புரதம் கூட வேண்டும், உண்மைதான். ஒரு கிலோ எடைக்கு 1.6 கிராம் வரைக்கும் பலன் தெரியும், அதற்கு மேல் போனாலும் சதை அதிகம் ஏறாது. சாப்பாட்டில் எட்டாத குறைக்கு நீங்கள் ஒரு ஸ்கூப் குடிப்பதில் எங்களுக்குச் சண்டை இல்லை. உங்களுக்கு இருபது வயது, கிட்னி புதுசு. நீங்கள் குடிக்கும் டின்னை அப்பாவுக்கும் கலக்கிக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

இப்போது விரதக் கேள்விக்கு வருகிறோம். செங் சன்னாசிமலை ஆண்டவருக்கு மாசி மகத்துக்குக் காவடி எடுக்கும் தம்பி ஒருவர் போன முறை கேட்டார், "அண்ணே, விரதத்துல பவுடர் குடிக்கலாமா?" அன்றைக்கு எங்களுக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் பார்த்தோம்.

வே புரோட்டீன் என்பது பாலிலிருந்து வருவது. பால் திரிந்தால் மேலே நிற்கும் தண்ணி இருக்கிறதே, சீஸ் செய்யும் ஃபேக்டரியில் மிஞ்சும் அந்தத் தண்ணியைக் காய்ச்சி, வடித்து, பொடியாக்குகிறார்கள். பால் என்பதால் சைவம் என்று நினைக்கிறோம். ஆனால் பாலைத் திரிய வைக்கப் பழைய முறையில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பார்கள். இப்போது பெரும்பாலும் நுண்ணுயிரிலிருந்து செய்ததைத்தான் சேர்க்கிறார்கள். எது என்று டின்னில் எப்போதும் எழுதியிருக்காது. சோயா, பட்டாணிப் புரதம் என்றால் இந்தச் சிக்கல் இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம் கொலாஜன். "முகம் பளபளக்கும், முட்டி வலி போகும்" என்று நம் பெண்களிடம் விற்பதில் பாதி இதுதான். கொலாஜன் என்பது மாட்டுத் தோல், எலும்பு, மீன் தோல், பன்றித் தோல் ஆகியவற்றிலிருந்து எடுப்பது. செடியில் கொலாஜன் கிடையாது. ஹலால் முத்திரை இருந்தால் பன்றி இல்லை என்று தெரியும், ஆனால் மாடு இல்லை என்று அர்த்தம் இல்லை. வெள்ளிக்கிழமை விரதம் இருந்து, மாட்டிறைச்சியை வாசலுக்குள் விடாத வீட்டில், மாட்டுத் தோல் பொடியை வெந்நீரில் கலக்கிக் குடித்துக் கொண்டிருக்கும் ஒரு அக்காவை எங்களுக்குத் தெரியும். லேபிளைக் காட்டிப் படித்துச் சொன்னபோது அவர் அழுதுவிட்டார். அவர் மேல் தப்பில்லை. விற்றவர் சொல்லவில்லை. மாடு, பன்றி அல்லது அவற்றிலிருந்து எடுத்த பொருள் இருந்தால் லேபிளில் போடணும் என்று நம் நாட்டு உணவு விதி சொல்கிறது. பின்பக்கம் சின்ன எழுத்தில் மலாய் மொழியில் இருக்கும். கண்ணாடி போட்டுப் படியுங்கள், தெரியாவிட்டால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் விற்க வந்தவர்களைப் பற்றிப் பேசியாகிவிட்டது. இனி நம்மைப் பற்றிப் பேசணும். அது இல்லாமல் இந்தப் பதிவு முடியாது.

அவர்கள் ஏன் நம் மண்டபத்தைத் தேடி வந்தார்கள்? நம் ஜனங்க உடம்பில் சோர்வு இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். "அசதியா இருக்கா? கை கால் வலியா? உங்களுக்குப் புரோட்டீன் பத்தல" என்று சொன்னால் பாதிப் பேர் தலையை ஆட்டுவார்கள். ஏனென்றால் அது பாதி உண்மை.

தோட்டத்துக் காலத்தை நினைத்துப் பார்க்கிறோம். புக்கிட் அசஹான், டைமண்ட் ஜூபிலி, கெமுனிங் என்று நம்மில் பலருக்கு ஆளுக்கொரு தோட்டம். அந்தக் காலம் பொற்காலம் என்று பொய் சொல்ல மாட்டோம். விடியும் முன்னே பெரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டி, சம்பளம் போதாமல், ஒல்லிக் குச்சியாக வளர்ந்த பிள்ளைகள்தான் நாங்கள். ஆனால் லயத்துக்குப் பின்னால் முருங்கை மரம் இருந்தது, ரெண்டு கோழி இருந்தது, யார் வீட்டிலாவது மாடு இருந்தது. சோறு மலையாக இருந்தாலும் பக்கத்தில் பருப்போ, கருவாடோ, நெத்திலியோ, முட்டையோ ஏதோ ஒன்று இருந்தது. சாப்பிட்டதை எரிக்க மலை ஏறி இறங்கும் வேலையும் இருந்தது.

தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்தோம். மாடு போச்சு, முருங்கை போச்சு, நடை போச்சு. சோறு மட்டும் அதே அளவு. காலைப் பசியாறல் ரொட்டி சானாயும் தே தாரிக்கும். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் ரெண்டு பாக்கெட் பிஸ்கட். ராத்திரி மீ. சோறும் மாவும் சீனியும்தான் நாள் முழுக்க. இந்த ஓட்டையைத்தான் 180 வெள்ளி டின் அடைக்கிறேன் என்கிறது.

நம் கோவில் இலையும் அப்படித்தான். நாங்களே சமைக்கிறோம், நாங்களே சொல்கிறோம். நாலு கரண்டி வெள்ளைச் சோறு, ஆள் கூடினால் தண்ணி கூடும் சாம்பார், உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம், பாயசம், பெரிய வாளியில் சிவப்பு சிராப் தண்ணி. பருப்பு எங்கே என்று கரண்டியை விட்டுத் தேடணும். இத்தனை பேருக்கு இனிப்பு நீர் உள்ள சமுதாயத்துக்கு அம்மன் பேரில் இதைப் போட்டுவிட்டு, பவுடர் விற்பவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

அதனால் அடுக்களையில் ஒரு முடிவு எடுத்தோம். போன நாலு வெள்ளிக்கிழமையாகச் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறோம்.

வெள்ளிதோறும் இலையில் சுண்டல் உண்டு. கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, மொச்சை என்று மாறி மாறி வரும். 150 பேருக்கு 6 கிலோ காய்ந்த கடலை, சுமார் 48 வெள்ளி. தலைக்கு 32 காசு. அதில் ஒவ்வொருவருக்கும் 8 கிராம் புரதம். சிராப் தண்ணியை நிறுத்திவிட்டு நீர்மோர் ஊற்றுகிறோம், சீனிக் காசு மிச்சம். சாம்பாரில் தண்ணி கூட்டுவதில்லை, ஆள் கூடினால் பருப்பு கூட்டுகிறோம். சோறு முதலில் ரெண்டு கரண்டி, வேண்டும் என்பவர்கள் மறுபடி கேட்டு வாங்கிக் கொள்ளலாம். யாரையும் பசியோடு அனுப்ப மாட்டோம். மாதம் ஒரு முறை தெம்பே சம்பல். முதல் நாள் "இது என்ன மலாய்க்காரர் சாப்பாடு" என்று முகம் சுளித்த பெரியவர் போன வாரம் ரெண்டாம் தடவை கேட்டு வாங்கினார். (பெயர் சொல்ல மாட்டோம், பெரியப்பா!)

பக்தர்களிடம் எங்கள் வேண்டுகோள் மூன்றுதான்.

ஒன்று. நாற்பது வயது தாண்டியவர்கள், இனிப்பு நீர் அல்லது ரத்த அழுத்தம் உள்ளவர்கள், எந்தப் பவுடரையும் வாயில் வைக்கும் முன்னால் அரசாங்க கிளினிக்குக்குப் போய் 1 வெள்ளி கட்டி, கிட்னி எப்படி இருக்கிறது என்று ரத்தமும் சிறுநீரும் சோதித்துப் பாருங்கள். ஏற்கெனவே குடித்துக் கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், டின்னையே கையில் கொண்டு போங்கள். திட்டினாலும் பரவாயில்லை. கிட்னி நோய் உள்ளவர்கள், நாங்கள் மேலே எழுதிய சுண்டல், தெம்பே கணக்கையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு எவ்வளவு என்று டயட்டீஷன்தான் சொல்லணும்.

ரெண்டு. லேபிளில் மூன்று இடம் பாருங்கள். பொருள் பட்டியலில் முதலில் வருவதுதான் அதிகமாக இருப்பது. அங்கே சீனியோ மால்டோடெக்ஸ்ட்ரினோ நின்றால், நீங்கள் புரோட்டீன் விலைக்குச் சீனி வாங்குகிறீர்கள். அடுத்து, ஒரு ஸ்கூப்பில் எத்தனை கிராம் புரதம் என்று பாருங்கள். "பாலுடன் கலந்தால்" என்று போட்டிருந்தால் அதில் ஒரு பங்கு உங்கள் சொந்தப் பால்தான். மூன்றாவது, எதிலிருந்து எடுத்தது என்று பாருங்கள்.

மூன்று. பவுடர் விற்கும் சகோதர சகோதரிகளே, உங்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. சம்பளம் பத்தாமல் பக்க வருமானத்துக்கு இதைச் செய்கிறீர்கள் என்று தெரியும். உங்களில் சிலர் எங்களோடு தேர் இழுத்தவர்கள். நோய் குணமாகும் என்று மட்டும் சொல்லாதீர்கள். கிட்னி நோயாளிக்கு விற்காதீர்கள். அந்த வாடிக்கையாளர் நம் சொந்தக்காரர்தான். உபயம் செய்ய ஆசையா? மேசை இல்லாமல் வாருங்கள், 6 கிலோ கடலை வாங்கிக் கொடுங்கள், உங்கள் பெயரில் அர்ச்சனை செய்து இலையில் வைக்கிறோம்.

விட்டுப்போன அந்த மூன்று வெள்ளிக்கிழமை உபயத்தில், ஒன்றை டயலிசிஸ் போகும் அந்த அண்ணன் குடும்பம் எடுத்துக்கொண்டது. வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னோம், கேட்கவில்லை. மற்ற ரெண்டு வெள்ளிக்கு இன்னும் ஆள் வேண்டும். முழுச் செலவு முடியாதவர்கள் அரிசியோ, பருப்போ, ஒரு கட்டு முருங்கைக் கீரையோ கொண்டு வரலாம். கையால் உதவ முடிந்தவர்கள் வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குக் கடலை ஊற வைக்க அடுக்களைக்கு வாருங்கள். வாளி இருக்கிறது, தண்ணி இருக்கிறது, ஆள்தான் பத்தவில்லை.

எழுதியதில் குறை இருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் நேரில் வந்து சொல்லுங்கள், சாப்பிட்டுக்கொண்டே பேசுவோம்.

அம்மன் எல்லாருக்கும் நல்ல உடம்பையும் நல்ல பசியையும் கொடுக்கட்டும்.



அடுக்களைத் தொண்டர்கள்